705 கி.மீ. உயரத்திலிருந்து ஓர் இலைத்துளை

2005-ஆம் ஆண்டு அமேசான் படுகையின் மேற்கிலும் தெற்கிலும் கடும் வறட்சி. ஆற்றை விட்டால் வேறு பாதையில்லாத ஊர்களில் படகுகள் சேற்றில் தரைதட்டி நின்றன. குட்டையாகச் சுருங்கிய நீரில் மீன்கள் செத்து மிதந்தன. பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலம் பேரிடர் நிலையை அறிவித்தது. துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உணவையும் குடிநீரையும் ராணுவம் கொண்டுபோனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007-இல், ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. அந்த வறட்சியின் உச்ச மாதங்களில் 705 கி.மீ. உயரத்தில் பறந்த நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளிலிருந்து மோடிஸ் கருவி எடுத்த படங்களை ஆராய்ந்தபோது, காடு வாடியதாகத் தெரியவில்லை; வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பச்சையாக இருந்தது என்றது அக்கட்டுரை. எழுதியவர்களில் முதன்மையானவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் சலெஸ்கா.

ஆறு வற்றும்போது காடு தழைக்குமா? இந்தக் கேள்வியை வைத்து அடுத்த பத்தாண்டுகள் விஞ்ஞானிகள் மோதிக்கொண்டார்கள். ஒரே செயற்கைக்கோளின் ஒரே படங்களை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் எதிரெதிர் முடிவுக்கு வந்தன. எனக்கு அந்த மோதலின் முடிவைவிட அது நடந்த விதம்தான் சுவாரசியம். வானத்திலிருந்து பார்க்கும் கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது, அதிலிருந்து நாம் எதை ஊகிக்கிறோம் என்பது அதில்தான் வெட்டவெளிச்சமாகிறது.

முதலில் இலைக்கு வருவோம். இலையின் தோலில், பெரும்பாலும் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் நூறு, இருநூறு என்று. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே போக இவை திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடும். செடிக்கு இது நஷ்டக் கணக்குத்தான். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்தாயிரத்தில் நான்கு பங்கு சொச்சம். இலைக்குள் இருக்கும் காற்றோ ஈரம் முழுக்க நிறைந்தது. அதனால் கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறை உள்ளே வாங்குவதற்குள் நீரின் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் ஓடிவிடுகின்றன. கம்பும் சோளமும் கரும்பும் இதில் கொஞ்சம் சிக்கனம், நெல் தாராளம். மண்ணில் நீர் குறைந்தாலோ காற்று மிகவும் வறண்டிருந்தாலோ செடி துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சும், ஆனால் உணவு உற்பத்தி நின்றுபோகும்.

ஆக, நிலத்தில் கார்பனின் வரவும் நீரின் செலவும் ஒரே துளை வழியாக நடக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைக் கணக்கிட்டால் கணக்கு தவறும். உலகளவில் இது எவ்வளவு பெரிய புழக்கம் என்றால், நிலத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆறுகளுக்குப் போகாமல் மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் நேராக வானத்துக்கே திரும்பிவிடுகிறது. நிலத்துத் தாவரங்கள் ஓராண்டில் ஒளிச்சேர்க்கையில் பிடிக்கும் கார்பன் 12,000 கோடி டன் என்று 2010-இல் கணக்கிட்டார்கள். 2024-இல் வேறொரு முறையில் கணக்கிட்டபோது 15,700 கோடி டன் என்று வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் வெளிவருவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். அதாவது நம் விடை ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசமே, மனித குலம் முழுவதும் புகையாக விடுவதைவிட மூன்று மடங்குக்கு மேல்! தாவரங்கள் பிடித்ததில் பெரும்பகுதி அவற்றின் சுவாசம் வழியாகவும், மண்ணில் மட்குவது வழியாகவும், தீ வழியாகவும் அதே ஆண்டில் காற்றுக்குத் திரும்புகிறது. வரவும் செலவும் போக நிலத்தில் தங்குவது ஏறத்தாழ 300 கோடி டன். பருவநிலை எப்படி மாறும் என்ற கணிப்பு இந்தச் சின்ன மிச்சத்தின் மேல் நிற்கிறது.

இந்தப் புழக்கத்தைத் தரையிலேயே அளக்க ஒரு நல்ல வழி உண்டு. காட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் காற்றின் வேகத்தை ஒலியலையால் அளக்கும் கருவியையும், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். இரண்டும் நொடிக்குப் பத்து, இருபது முறை அளக்கின்றன. மேலே போகும் சுழலில் எவ்வளவு வாயு இருந்தது, கீழே வரும் சுழலில் எவ்வளவு இருந்தது என்று அரைமணி நேரத்துக்குக் கூட்டிக் கழித்தால், காடு அந்த நேரத்தில் வாங்கியதும் விட்டதும் கிடைத்துவிடும். அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இப்படி அளந்து வருகிறார்கள். உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான கோபுரங்கள் ஒரு வலையமைப்பாக இணைந்திருக்கின்றன. ஆனால் ஒரு கோபுரத்துக்குத் தெரிவது அதைச் சுற்றிச் சில நூறு மீட்டர், மிஞ்சினால் ஒரு கிலோமீட்டர். அதிலும் பெரும்பாலான கோபுரங்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. கார்பனும் நீரும் அதிகம் புழங்கும் வெப்பமண்டலத்தில்தான் கோபுரங்கள் குறைவு. பணம் இருக்கும் இடத்தில் அளவை இருக்கிறது. காடு இருக்கும் இடத்தில் இல்லை. எனவே வானத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

வானத்திலிருந்து அளக்கலாம் என்ற எண்ணத்துக்கு அடித்தளம் போட்டவர் செயற்கைக்கோள்காரர் அல்லர். ஜான் மான்டீத் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இயற்பியல் படித்துவிட்டு வயலுக்கு வந்தவர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் பென்மன் 1948-இல் வகுத்திருந்த ஆவியாதல் சமன்பாட்டில், இலைத்துளை எவ்வளவு தடை கொடுக்கிறது என்பதை 1965-இல் சேர்த்தார். இன்று உலகெங்கும் பாசனப் பொறியாளர்கள் பயிரின் நீர்த்தேவையைக் கணக்கிடுவது பென்மன், மான்டீத் இருவர் பெயரையும் தாங்கிய அந்தச் சமன்பாட்டால்தான். பிறகு 1970-களில் அவரே இன்னொன்றைக் காட்டினார். பிரிட்டனில் வளரும் பார்லி, உருளைக்கிழங்கு, சர்க்கரைக் கிழங்கு, ஆப்பிள் என்று எதை எடுத்தாலும், பருவம் முழுவதும் இலைகள் உறிஞ்சிய சூரிய ஒளியையும் கிடைத்த உலர் எடையையும் வரைபடத்தில் போட்டால் கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு வருகிறது: ஒரு மெகாஜூல் ஒளிக்கு 1.4 கிராம். நீர்க் கணக்குக்கும் கார்பன் கணக்குக்கும் ஒரே மனிதர் வழிகாட்டியானது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். துளையை ஒரு பக்கமிருந்து பார்த்தவர் மறுபக்கமும் பார்த்துவிட்டார். பிற்காலத்தில் சில ஆண்டுகள் அவர் ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனத்திலும் பணியாற்றினார்.

உறிஞ்சிய ஒளி தெரிந்தால் விளைச்சல் தெரியும் என்றால், உறிஞ்சிய ஒளியை மேலிருந்து பார்க்க முடியுமா? முடியும். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அடிக்கிறது. வெறும் மண்ணுக்கு இந்தப் பாகுபாடு அவ்வளவாகக் கிடையாது. இரண்டு அலைவரிசைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு ‘பச்சைக் குறியீடு’ கிடைக்கும். நாசாவின் காம்ப்டன் டக்கர் 1980-களில் இதை மேகங்களைப் பார்க்க ஏவிய வானிலைச் செயற்கைக்கோள்களின் தரவிலிருந்து பிழிந்தெடுத்தார். 1986-இல், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளந்துவந்த சார்லஸ் கீலிங்குடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு அழகானது. வடகோளத்தில் கோடைக்காலப் பச்சை ஏற ஏற, காற்றில் கார்பன் டை ஆக்சைடு இறங்குகிறது. இலை உதிர்ந்து பச்சை இறங்கினால் வாயு ஏறுகிறது. மலையுச்சியில் அளந்த வாயுவும் விண்ணிலிருந்து அளந்த நிறமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதைப் பார்த்தபின், பச்சையை நம்பாமல் இருப்பது கடினம்.

ஆனால் பச்சை என்பது திறன், வேலை அல்ல. கனடாவின் ஊசியிலைக் காடு பனிக்காலத்திலும் பச்சையாகத்தான் நிற்கிறது, ஒளிச்சேர்க்கை ஏறக்குறைய நின்றுவிட்ட பிறகும். நண்பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொண்ட பயிர் அடுத்த நிமிடமே நிறம் மாறுவதில்லை. அமேசான் போன்ற அடர்காட்டிலோ இன்னொரு தொல்லை: ஒரு கட்டத்துக்கு மேல் எத்தனை அடுக்கு இலைகள் சேர்ந்தாலும் குறியீடு உச்சத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் குறையைத் தணிக்கத்தான் மோடிஸ் குழுவினர் அண்மை அகச்சிவப்புக்கு அதிகம் இடம் தரும் மேம்பட்ட குறியீடு ஒன்றை உருவாக்கினார்கள். 2007-இல் வறட்சியில் தழைத்த காட்டைக் காட்டியது அந்தக் குறியீடுதான்.

சலெஸ்கா வெறும் படத்தை நம்பிப் பேசியவர் அல்லர். சாண்டரெம் நகருக்குத் தெற்கே, தப்பாஜோஸ் தேசிய வனத்தில் 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தில் அவர் குழு அளந்திருந்தது. வறண்ட மாதங்களில் காடு கார்பனை இழக்கும், மழைக்காலத்தில் சேர்க்கும் என்று கணினி மாதிரிகள் சொல்லிக்கொண்டிருந்தன. கோபுரம் காட்டியது தலைகீழ்: வறண்ட மாதங்களில் சேர்ப்பு, மழை மாதங்களில் இழப்பு. 2003-இல் இது வெளிவந்தது. காரணமும் சொல்லக்கூடியதாக இருந்தது. கிழக்கு அமேசானில் பரகோமினாஸ் பகுதியில் குழி தோண்டிப் பார்த்து, மரங்கள் எட்டு மீட்டருக்கும் கீழிருந்து நீர் எடுப்பதை 1994-இலேயே கண்டறிந்திருந்தார்கள். அடியில் நீர் இருக்கும்வரை மரத்துக்குத் தட்டுப்பாடு மழையில் இல்லை, வெளிச்சத்தில். மழைக்காலத்தில் மேகம் மூடிக்கிடக்கிறது. வறண்ட மாதங்களில்தான் வெயில் தாராளம். 2006-இல் ஆல்ஃபிரடோ ஹூவேட்டே குழு மோடிஸ் படங்களில் படுகை முழுவதும் வறண்ட மாதங்களில் பச்சை ஏறுவதாகக் காட்டியது. அதன் தொடர்ச்சிதான் 2007.

எதிர்ப்பு இரண்டு அலையாக வந்தது. 2010-இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு அதே தரவை மேகமும் புகையும் கலந்த படப்புள்ளிகளைக் கண்டிப்பாகக் களைந்துவிட்டுத் திரும்பப் பார்த்தது. 2005-இன் தழைப்பு காணாமல் போனது. வறட்சிக் காலத்தில் விவசாயிகள் காட்டை எரிப்பதால் புகை அதிகம் என்பதை நினைத்தால் இது அற்பமான ஐயம் அல்ல. 2014-இல் வந்த இரண்டாவது அடி இன்னும் கூர்மையானது. நாசாவின் டக்ளஸ் மார்ட்டன் குழு கேட்டது காட்டைப் பற்றிய கேள்வியே அல்ல, வடிவகணிதக் கேள்வி. சூரியன் நமக்குப் பின்னால் இருந்தால் எதிரே உள்ள மரங்களின் நிழல் நம் கண்ணுக்குப் படாது. ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையே சூரியன் நகரும்போது, அமேசான் மேல் பறக்கும் மோடிஸின் பார்வைக் கோணம் மெல்ல மெல்ல அந்த நிலைக்கு வருகிறது. நிழல் குறையக் குறைய அண்மை அகச்சிவப்பு கூடித் தெரிகிறது, குறியீடு ஏறுகிறது. ஓர் இலைகூட முளைக்காமலேயே காடு தழைத்துவிடும்! கோணத்தைத் திருத்திவிட்டுப் பார்த்தால் பருவகாலப் பச்சை ஏற்றம் மறைந்துவிடுகிறது என்றார்கள்.

செயற்கைக்கோள் படம் பார்த்துச் செய்தி எழுதும் எல்லோரும் இந்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன். கருவியில் கோளாறு இல்லை. கணக்கில் பிழை இல்லை. காடு, சூரியன், கருவி மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு தோற்றத்தை, காட்டின் குணம் என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

அத்துடன் கதை முடிந்திருந்தால் பச்சைக்காரர்கள் தோற்றார்கள் என்று எழுதிவிடலாம். ஆனால் கோபுரம் காட்டியது அப்படியே இருக்கிறதே? அதற்குக் கோணச் சிக்கல் எதுவும் கிடையாதே? 2016-இல் விடை கிடைத்தது, அதுவும் கோபுரத்திலிருந்து. உச்சியில் சாதாரணக் கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு மரத்தின் தலையையும் மாதக்கணக்கில் படம் பிடித்தார்கள். வறண்ட மாதங்களில் மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் புது இலை விடுகின்றன. மொத்த இலைப்பரப்பு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது இலையின் வயது. சில மாதங்களே ஆன இலை, ஓராண்டான இலையைவிட ஒரே வெளிச்சத்தில் அதிகம் உழைக்கிறது. ஜின் வூ என்ற இளம் ஆய்வாளர் முதன்மை ஆசிரியராக ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார். இலை கூடவில்லை என்ற தரப்பும் சரி, ஒளிச்சேர்க்கை கூடுகிறது என்ற தரப்பும் சரி. இதுவும் வழக்கமான ஆண்டின் வறண்ட மாதங்களுக்குத்தான். 2005 போன்ற பெருவறட்சிக்கு இந்தச் சமாதானத்தை அப்படியே நீட்டிவிட முடியாது. வேரடி நீரும் தீர்ந்தால் கதையே வேறு.

இதே காலத்தில் வேறொரு வழி திறந்துகொண்டது. நிறத்தை விட்டுவிட்டு, இலை தானே விடும் ஒளியைப் பிடிப்பது. பச்சையம் உறிஞ்சும் ஒளி முழுவதும் உணவாவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. ஒன்றிரண்டு சதவீதம் அடர்சிவப்பு ஒளியாகத் திரும்பி வருகிறது. இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. கீரையைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்த பச்சைச் சாற்றில் ஊதா விளக்கை அடித்தால் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1830-களிலேயே லாரல் இலைச் சாற்றில் சூரியக் கதிரைப் பாய்ச்சி இந்தச் சிவப்பைக் கண்டார். உயிருள்ள இலைக்குள் ஒளிச்சேர்க்கையோடு சேர்ந்து மாறுபடும் ஒளிர்வு இது. திறனை அல்ல, நடக்கும் வேலையைக் காட்டுவது.

வேலையைக் காட்டும் ஒளி என்றால் அதையே முதலிலிருந்து பார்த்திருக்கலாமே என்று தோன்றும். சிக்கல், பட்டப்பகலில் இலைமேல் தெறிக்கும் வெயிலுக்கு நடுவே அந்த மெல்லிய ஒளிர்வைப் பிரித்தெடுப்பதில். உதவிக்கு வந்தது சூரியனின் குறை ஒன்று. சூரியனின் வெளி அடுக்கில் உள்ள தனிமங்கள் குறிப்பிட்ட அலைநீளங்களை விழுங்கிவிடுவதால், சூரிய நிறமாலையில் மெல்லிய இருண்ட கோடுகள் இருக்கின்றன. 1814-இல் ஜெர்மனியின் கண்ணாடி வல்லுநர் ஃபிரான்ஹோஃபர் நூற்றுக்கணக்கில் அவற்றை அளந்து குறித்தார். தரையில் பட்டுத் திரும்பும் வெயிலிலும் அந்தக் கோடுகள் அதே அளவு இருட்டாக இருக்க வேண்டும். இருட்டு கொஞ்சம் வெளுத்திருந்தால், வெளுக்க வைத்த ஒளி சூரியனுடையது அல்ல. கீழே இலைகள் விட்டது.

இதை முதலில் உலகளவில் பிடித்த கருவி அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. ஜப்பான் 2009 ஜனவரியில் ஏவிய கோசாட் செயற்கைக்கோள் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கப் போனது. அதன் நிறமாலைக் கருவி மிக நுட்பமானது என்பதால், இருண்ட கோடுகள் வெளுத்திருப்பது அதில் தெரிந்தது. நாசாவின் ஜோவன்னா ஜாய்னர் குழுவும் கிறிஸ்டியன் ஃபிராங்கன்பெர்க் குழுவும் 2011-இல் தனித்தனியே உலக வரைபடங்களை வெளியிட்டன. கார்பன் அளக்கும் ஆட்களுக்கு அதுவரை அந்த ஒளிர்வு வெறும் இடைஞ்சல். திருத்திவிட்டு எறியவேண்டிய கழிவு.

2014-இல் இந்த ஒளிர்வு ஒரு வியப்பைக் கொடுத்தது. ஜூலை மாதத்தில் உலகிலேயே மிகத் தீவிரமாக ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் அமேசானோ காங்கோவோ அல்ல. அமெரிக்காவின் நடுமேற்கில் உள்ள மக்காச்சோள வயல்கள். லூயிஸ் குவாண்டர் குழுவின் இந்த ஆய்வுப்படி, அதுவரை வந்த கணினி மாதிரிகள் பல அங்கே 40 முதல் 60 சதவீதம் குறைத்து மதிப்பிட்டிருந்தன. உரமும் தேர்ந்த விதையும் கொண்ட வயலைப் புல்வெளிபோல் பாவித்தால் அப்படித்தான் வரும். அமேசான் வழக்கிலும் ஒளிர்வு சாட்சிக் கூண்டு ஏறியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் வெப்பமண்டலக் காடுகள் வறண்ட பருவத்திலும் ஒளிச்சேர்க்கையைக் குறைக்காமல் காக்கின்றன, அதற்குக் கீழே பெறும் காடுகளால் முடிவதில்லை என்று 2015-இல் ஒளிர்வையும் பச்சைக் குறியீட்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் காட்டினார்கள். மழைக்காலத்தில் மண் சேமித்த நீர் வறண்ட மாதங்களுக்குக் கைகொடுக்குமா என்பதுதான் எல்லைக்கோடு. கார்பன் கேள்விக்கு விடை மறுபடியும் நீரில்.

ஒளிர்விலும் குறை உண்டு. கடும் வெயிலிலும் வறட்சியிலும் இலை மிச்ச ஒளியை வெப்பமாகத் தள்ளிவிடும் விகிதம் மாறுகிறது; அப்போது ஒளிர்வும் ஒளிச்சேர்க்கையும் சேர்ந்தே நடப்பதில்லை. இந்த ஒளிர்வை அளப்பதற்கென்றே தனியாக ஒரு செயற்கைக்கோளை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2015-இல் தேர்ந்தெடுத்தது. ஃபிளெக்ஸ் என்று பெயர்.

நீரின் பக்கம் பார்ப்பது இன்னும் கடினம். இலை விட்ட நீராவிக்கும் கடல் விட்ட நீராவிக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு எடையில் இருக்கிறது. கடல்நீர் ஆவியாகும்போது கன ஹைட்ரஜன் கொண்ட மூலக்கூறுகள் பின்தங்கிவிடும். வேர் உறிஞ்சி இலை விடும் நீரிலோ அப்படிப் பெரிதாகத் தங்குவதில்லை. எனவே காற்றில் கன ஹைட்ரஜன் கூடியிருந்தால் அந்த ஈரம் காட்டிலிருந்து வந்தது. 2004-இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ஒரு கருவி இதை அளந்தது. அதை வைத்து 2017-இல் ரோங் ஃபூ முதலானோர் சொன்ன செய்தி எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தமானது. தெற்கு அமேசானில் கடல் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மண்டலம் வருவதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் முன்பே மழை தொடங்கிவிடுகிறது. அந்த முன்மழைக்கான ஈரத்தை வறண்ட பருவத்தின் கடைசியில் காடே மேலே அனுப்புகிறது. புது இலை விட்டு, ஆழத்து நீரை இழுத்து, துளைகளைத் திறந்துவைத்திருக்கும் அதே மாதங்களில். தப்பாஜோஸ் கேமராவில் தெரிந்த துளிரும் மழையின் தொடக்கமும் இப்படி ஒன்றோடொன்று தொடுத்துக்கொள்கின்றன. தெற்கு அமேசானில் சோயா பயிரிடுவோர் காட்டை வெட்டினால் தம் வயலின் முதல் மழையைத் தாமே தள்ளிப்போடுகிறார்கள்.

வெப்பத்தைப் பார்த்தும் நீரை ஊகிக்கலாம். ஆவியாதல் குளிர்விக்கும், துளையை மூடிய பயிர் சூடாகும். 2018-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட எக்கோஸ்டிரெஸ் கருவி ஏறக்குறைய 70 மீட்டர் நுணுக்கத்தில் இந்தச் சூட்டை அளக்கிறது. மற்ற செயற்கைக்கோள்கள் பல தினமும் ஒரே மணிக்கு ஓரிடத்தைக் கடக்கும். நிலையமோ வெவ்வேறு மணிகளில் கடக்கிறது. காலையில் திறந்திருந்த துளை பிற்பகல் இரண்டு மணிக்கு மூடிக்கொண்டதா என்று கேட்க அது வசதி.

இந்தச் சாட்சிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து விசாரித்த வழக்கு 2015-16 எல் நினோ. அந்த இரண்டு ஆண்டுகளிலும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வழக்கத்தைவிட வேகமாக ஏறியது. நாசாவின் ஓசிஓ-2 செயற்கைக்கோள் 2014 ஜூலையில் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கு முன்னோடி 2009 பிப்ரவரியில் மூடி கழலாமல் அண்டார்க்டிகா அருகே கடலில் விழுந்துவிட்டது. இரண்டாவது முயற்சிக்கு நேரம் கச்சிதமாக அமைந்தது. ஜுன்ஜி லியு தலைமையிலான குழு 2017-இல் சொன்னது: 2011-ஐ ஒப்பிட்டால் 2015-இல் வெப்பமண்டல நிலங்கள் சுமார் 250 கோடி டன் கார்பனைக் கூடுதலாகக் காற்றில் விட்டிருக்கின்றன. வாயுவின் ஏற்றத்தை ஓசிஓ-2 காட்டியது. ஒளிச்சேர்க்கை குறைந்ததா என்பதை ஒளிர்வு காட்டியது. தீயின் பங்கை, எரியும்போது கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு காட்டிக்கொடுத்தது. முதலாவதிலிருந்து மற்ற இரண்டின் பங்கையும் கழித்தபின் மிஞ்சியது சுவாசமும் மட்குதலும். மூன்று கண்டங்களும் ஏறக்குறைய சம பங்கு கொடுத்திருந்தன, ஆனால் மூன்று வெவ்வேறு காரணங்களால். தென் அமெரிக்காவில் வறட்சி ஒளிச்சேர்க்கையைக் குறைத்தது. ஆப்பிரிக்காவில் மழை குறையவில்லை, வெப்பம் கூடி மட்குதல் வேகமெடுத்தது. இந்தோனேசியாவில் கரிச்சேற்று நிலம் எரிந்தது. பச்சைப் படத்தை மட்டும் வைத்திருந்தால் இந்த மூன்றையும் பிரித்திருக்க முடியாது.

பச்சைப் படம் மட்டும் வைத்துக்கொண்டு பெருமைப்பட்ட கதை ஒன்று நம் நாட்டிலும் உண்டு. 2000 முதல் 2017 வரை உலகின் பசுமை கூடியதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவும் சீனாவும் கொடுத்தது என்று 2019-இல் மோடிஸ் தரவிலிருந்து கண்டார்கள். செய்தி இங்கே மரம் வளர்ப்பின் வெற்றியாகப் பரவியது. ஆய்வைப் படித்தால், இந்தியாவின் பங்கில் 82 சதவீதம் விளைநிலம்; காடு ஐந்து சதவீதம்கூட இல்லை. ஒரு போகம் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று போகம். அந்தக் கார்பன் அறுவடையாகி, உண்ணப்பட்டு, வைக்கோலாக எரிந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் காற்றுக்குத் திரும்பிவிடும். நீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறொரு செயற்கைக்கோள் சோடி விடை வைத்திருந்தது. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ், சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தது. கீழே நிலத்தின் எடை கூடினால் குறைந்தால் ஈர்ப்பு மாறி அந்த இடைவெளி நுணுக்கமாக விரிந்து சுருங்கும்; அதை அளந்து அடியில் உள்ள நீரைக் கணக்கிட்டார்கள். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், டெல்லிப் பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று மாத்யூ ரோடெல் குழு 2009-இல் அறிவித்தது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதைப்போல் 41 அணை நீர். இந்த இரண்டு வரைபடங்களையும் யாராவது எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

2025 இத்துறைக்கு நல்ல ஆண்டு. ஏப்ரலில் ஐரோப்பா பயோமாஸ் என்ற ரேடார் செயற்கைக்கோளை ஏவியது. நீண்ட அலைகளால் இலைகளைத் துளைத்து மரத்தின் கட்டையை அளப்பது. ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் கிளம்பியது. ரேடாருக்கு மேகம் தடையில்லை என்பது அமேசானில் சின்ன விஷயமல்ல. ஓசிஓ-2 போன்றவற்றுக்கு மேகத்தில் கண் தெரியாது. மழைக்காடு எனப்படுவதின் மேல் மேகமில்லாத நேரம் எவ்வளவு இருக்கும்? ஆனால் ரேடார் தருவது கட்டையின் இருப்பு, மண்ணின் ஈரம். இருப்பை இரண்டு முறை எடுத்துக் கழித்தால் ஆண்டுக் கணக்கு வரும், அன்றாட வரவு செலவு வராது.

அமேசானின் தென்கிழக்குப் பகுதி கார்பனை வாங்குவதைவிட அதிகமாக விடத் தொடங்கிவிட்டது என்ற கனமான செய்தி 2021-இல் வந்தபோது, அதைக் கொண்டுவந்தது செயற்கைக்கோள் அல்ல. பிரேசிலின் லூசியானா கட்டி குழுவினர் 2010 முதல் 2018 வரை சிறு விமானங்களில் நான்கு இடங்களுக்கு மேல் பறந்து, நாலரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டே கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்தார்கள். அப்படி நூற்றுக்கணக்கான இறக்கங்கள். காடு அதிகம் வெட்டப்பட்டு, வறண்ட மாதங்கள் மேலும் சூடாகிவிட்ட தென்கிழக்கில் செலவு முந்தியிருந்தது. அதில் தீயின் பங்கே பெரிது. மேற்கே, இன்னும் முழுசாக நிற்கும் காட்டின் மேல் பிடித்த குடுவைகளில் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன.